பொப்லசியோன்: தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

பிலிப்பைன்ஸின் பத்தாங்காஸ் மாகாணத்தில் தால் என்றொரு ஊர் இருக்கிறது. அதைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். எரிமலை, ஏரி, மாதா கோயில் எல்லாம் தடையில்லாமல் வந்துவிட்டன. ஆட்சிப் பிரிவுகளுக்கு வந்ததும் ஒரே சொல்லில் இரண்டு நாளாக நிற்கிறேன்: பொப்லசியோன்.

பின்னணி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த நாட்டில் மாகாணத்துக்குக் கீழே நகரங்களும் முனிசிபாலிட்டிகளும் வருகின்றன. முனிசிபாலிட்டி என்றதும் நகராட்சி என்று போட்டுவிட முடியாது. வயல், தென்னந்தோப்பு, குன்று, கடற்கரை எல்லாம் சேர்ந்த பரப்பு அது. நாடு முழுக்க ஏறக்குறைய 1,500 இருக்கும். இதற்குப் ‘பேரூர்’ என்று இங்கே முன்பே பேசி முடித்துவிட்டோம், அதை மறுபடி கிளற வேண்டாம். பேரூருக்குக் கீழே பரங்கை. தாலில் 42 பரங்கைகள் உள்ளன. அவற்றில் பதினான்குக்குத் தனிப்பெயரே கிடையாது. பொப்லசியோன் 1, பொப்லசியோன் 2 என்று 14 வரை எண்தான்.

ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு மக்கள்தொகை என்றும் பொருள், குடியிருப்பு என்றும் பொருள். பிலிப்பைன்ஸில் அது பேரூரின் கோயில், திடல், அலுவலகம், சந்தை எல்லாம் கூடிய பகுதியைக் குறிக்கிறது. இப்போதைக்கு ‘நகர மையம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை. ஆளுக்கொரு சொல் தாருங்கள்.

-----

> இப்போதைக்கு ‘நகர மையம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பிடிக்காததில் வியப்பில்லை. நகரம் இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டு நகர மையம் என்கிறீர்களே!

எங்கள் வேலூர்ப் பக்கம் இதற்கு நல்ல சொல் கிடக்கிறது: கஸ்பா. வேலூரில் கஸ்பா உண்டு, ஆம்பூரில் உண்டு, ஈரோட்டுப் பக்கம் காஸ்பாபேட்டையே உண்டு. பல ஊர்கள் சேர்ந்த ஒரு தொகுதியில் அதிகாரி உட்காரும் ஊர் எதுவோ அது கஸ்பா. நீங்கள் கேட்பதும் அதுதானே?

-----

நண்பர்களே, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குரல்.

கஸ்பா எங்களுக்கு விளங்காது. எங்கள் பக்கம் இடங்களை ‘அடி’ போட்டுச் சொல்லுவோம்: கோயிலடி, சந்தியடி, ஆலடி. ஸ்பானிய ஆட்சிக் காலத்தில் ‘மணியோசைக்குக் கீழே’ வாழ்தல் என்று ஒரு வழக்கு இருந்ததாம். கோயில் மணி கேட்கிற தூரத்தில் குடியிருப்பவன்தான் ஊருக்குள் அடங்கியவன். கேட்காத மலையில் இருப்பவன் வரிக்கும் பூசைக்கும் அகப்படாதவன். ஆகவே கோயிலடி என்று வைக்கலாம். இன்னும் துணிந்தால் மணியடி!

-----

மணியடி என்று போட்டால் படிக்கிற பிள்ளை எழுந்து போய் மணியடித்துவிடும். :)

என் பரிந்துரை ஊர்நத்தம். புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை, கல்லிலேயே இருக்கிறது. இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் வரியில்லா நிலங்களைக் கழிக்கும்போது ‘ஊர்நத்தமும் ஸ்ரீகோயில்களும் குளங்களும்’ என்று வரிசை போகும். மக்கள் குடியிருக்கும் இடம் நத்தம். ஸ்பானியச் சொல்லுக்கும் குடியிருப்பு என்றுதானே பொருள் சொன்னீர்கள்? நேருக்கு நேர் பொருந்துகிறது. தாய் ஊரைச் சார்ந்த சிற்றூர்களுக்குப் பிடாகை என்ற சொல்லும் கல்வெட்டில் உண்டு, அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

-----

நத்தம் என்றால் இன்றைக்கு நத்தம் புறம்போக்கு, பட்டா மாறுதல், தாலுகா ஆபீஸ் வரிசை என்றுதான் நினைவுக்கு வரும். ‘தாயூர்’ என்று எளிமையாக வையுங்களேன். தாய்க்கிராமம், குக்கிராமம் என்று வருவாய்த்துறையில் சொல்வதுதானே.

-----

எல்லோருக்கும் நன்றி. நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வந்த சொற்களை ஒவ்வொன்றாகத் தாலின் மேல் வைத்துப் பார்த்தேன். இந்த ஊர் எளிதில் பிடி கொடுக்கிற ஊர் இல்லை.

முதலில் மையம். வேலூர் நண்பர் ‘நகரம்’ என்ற பாதியைத் தட்டிவிட்டார், மறு பாதியும் தப்பாது. 1573-இல் இரண்டாம் பிலிப் குடியேற்ற ஊர்களை எப்படி அமைப்பது என்று கட்டளைகள் பிறப்பித்தார். உள்நாட்டு ஊராக இருந்தால் திடல் ஊரின் நடுவில் இருக்க வேண்டும், கடற்கரை ஊராக இருந்தால் துறையில் கப்பல் இறங்கும் இடத்தில் இருக்க வேண்டும் என்கிறது அது. ஆக, சட்டமே நடுவில் இருக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. தாலின் பொப்லசியோன் பாலயான் வளைகுடாவைப் பார்த்த மேட்டில், பேரூரின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. பான்சிபிட் ஆற்றைத் தாண்டினால் லெமரி என்ற வேறு பேரூர் வந்துவிடும். 1862 வரை அதுவும் தாலோடுதான் இருந்தது. வரைபடத்தில் மையத்தைத் தேடுகிற வாசகர் தென்னந்தோப்பில்தான் போய் நிற்பார்.

அடுத்தது தாயூர். சொல்லில் குறையே இல்லை, கேட்கவும் இதமாக இருக்கிறது. ஆனால் இந்த ஊரின் கதை அதைக் கவிழ்த்துவிடுகிறது. இன்றைய தால் முதல் தால் இல்லை. அகுஸ்தீன் சபைத் துறவிகள் 1572-இல் நிறுவிய ஊர் ஏரிக்கரையில் இருந்தது. ஏரிக்கு அப்போது பொம்போன் என்று பெயர். கடலோடு அகலமான வாய்க்கால் தொடர்பு இருந்ததால் நீரில் உப்பும் இருந்தது. 1754 மே மாதம் தொடங்கிய எரிமலைச் சீற்றம் டிசம்பர் வரை ஓயவில்லை. சாம்பலும் கல்லும் வாய்க்காலை அடைத்தன, நீர்மட்டம் ஏறியது, கரையோர ஊர்கள் அழிந்தன. மறு ஆண்டு கோயிலோடு ஊரே கடற்பக்கத்து மேட்டுக்குக் குடிபெயர்ந்தது. பழைய இடம் இன்று சான் நிகோலாஸ். பழைய கோயிலின் இடிபாடுகள் அங்கேதான் நிற்கின்றன. 1955-இல் அது தனிப் பேரூராகப் பிரிந்துவிட்டது. இப்போது சொல்லுங்கள், தாலுக்குத் தாயூர் எது? பொப்லசியோனைத் தாயூர் என்றால், மகளைத் தாய் என்று அழைப்பதாகிவிடும்.

கட்டுரைக்கு வேண்டாத ஒன்று, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாய் குறுகிய அந்த ஏரி மெல்ல மெல்ல நன்னீராகிவிட்டது. உள்ளே அகப்பட்டுக்கொண்ட கடலுயிர்கள் சில அப்படியே பழகிவிட்டன. தவிலிஸ் என்ற மத்தி மீன் இன்று நன்னீரில்தான் வாழ்கிறது. நன்னீரில் ஒரு கடற்பாம்பும் உண்டு. ஊர் இடம் பெயர்ந்தது, மீன் பெயரவில்லை. தால் ஏரி, தால் எரிமலை என்று உலகமே சொல்கிறது, ஆனால் தால் ஊர் ஏரிக்கரையில் இல்லை, எரிமலைத் தீவும் அதன் எல்லைக்குள் வராது. பேரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டது. 2020 ஜனவரியில் எரிமலை மறுபடி பொங்கியபோது இந்தக் குழப்பத்தில் நானும் தவறாக ஒரு குறிப்பு எழுதியவன்தான்.

கோயிலடி. யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன மணியோசைக் கதை சரியானதுதான். அதைக் கட்டுரையில் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் தாலில் கோயிலடி என்றால் எந்தக் கோயிலடி என்று கேட்பார்கள். மேட்டில் புனித மார்ட்டின் பெருங்கோயில் இருக்கிறது, 1856-இல் தொடங்கிய இப்போதைய கட்டடம் ஏறத்தாழ 88 மீட்டர் நீளம். கீழே ஆற்றுப் பக்கம் காய்சாசாய் மாதா கோயில் இருக்கிறது. 1603-இல் ஒரு மீனவரின் வலையில் சிக்கிய மாதா சிலை அங்கே இருக்கிறது. இரண்டுக்கும் இடையே படிக்கட்டு. திருப்பயணிகள் கூட்டத்தில் கீழ்க்கோயில் ஒன்றும் இளைத்ததில்லை. ஆனால் காய்சாசாய் தனிப் பரங்கை, பொப்லசியோன் எண்களில் அது வராது. கோயிலடி என்று பொதுச்சொல் வைத்தால் படிக்கட்டின் எந்த முனை என்று விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஊர்நத்தம்தான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. கல்வெட்டில் நத்தத்துக்கு எதிர்ச்சொல் விளைநிலம். பொப்லசியோனுக்கு எதிர்ச்சொல் விளைநிலம் இல்லை, மற்றக் குடியிருப்புகள். தாலின் மீதி 28 பரங்கைகளிலும் வீடுகள் இருக்கின்றன, அவற்றுக்கும் தனித்தனி நத்தம் உண்டு. அப்புறம் இன்னொன்று. நண்பர் மேற்கோள் காட்டிய அதே வரிசை கொஞ்சம் தள்ளி ‘பறைச்சேரியும் கம்மாணச்சேரியும்’ என்று தொடர்கிறது. ஊர்நத்தம் என்று சொல்லும்போதே யாரோ வெளியே நிறுத்தப்படுகிறார்கள். பொப்லசியோனிலும் இந்த வாடை இல்லாமல் இல்லை. திடலைச் சுற்றி ஊர்த்தலைவர்கள் குடும்பங்கள் பெரிய வீடு கட்டிக்கொண்டன, மணி கேட்காத தொலைவில் இருந்தவர்கள் மலையாட்கள் என்று இளக்காரமாகப் பேசப்பட்டார்கள். ஆனால் அது அவர்கள் வரலாறு, நம்முடையது வேறு. ஒன்றின் சுமையை இன்னொன்றின் தலையில் ஏற்ற மனம் வரவில்லை. பிடாகையை மட்டும் நன்றியோடு எடுத்துக்கொள்கிறேன். பாதிரியார் நிலையாகத் தங்காமல் வந்து பூசை வைத்துப் போன துணைக் குடியிருப்புகளை ஸ்பானியர்கள் ‘விசிதா’ என்றார்கள், அதற்குப் பிடாகை அழகாகப் பொருந்தும்.

மீதி இருப்பது கஸ்பா. நடுவில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்கு இல்லை, முதலில் தோன்றியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. அதிகாரம் எங்கே உட்காருகிறதோ அங்கே கஸ்பா. அலுவலகம் எழுந்து போனால் கஸ்பாவும் எழுந்து போகும். 1755-இல் நடந்ததும் அதுதான்.

-----

> மீதி இருப்பது கஸ்பா.

தமிழில் சொல் கேட்டால் உருதுவில் முடிக்கிறீர்கள். தலையூர் என்று வைத்தால் என்ன குறைந்துவிடும்? அதிகாரம் உட்காரும் இடம் தலை. மையமும் இல்லை, தாயும் இல்லை.

-----

அதே கருத்துத்தான் எனக்கும், அண்ணை. தலையூர் என்றால் இங்கே சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். கஸ்பா என்றால் ஏதோ துணிக்கடை என்று நினைப்பார்கள்.

-----

தலையூரை நானும் எழுதிப் பார்த்தேன். இடித்த இடத்தைச் சொல்கிறேன்.

ஸ்பானியர் காலத்தில் ‘கபெசெரா’ என்று இன்னொரு சொல் இருந்தது. அதற்கு நேர்ப்பொருளே தலை. மாகாணத்தின் தலைமை ஊரும் கபெசெரா, பிடாகைகளை வைத்திருந்த கோயில் பங்கின் தலைமை ஊரும் கபெசெரா. தால் 1732 முதல் 1754 வரை பத்தாங்காஸ் மாகாணத்தின் கபெசெராவாக இருந்தது, எரிமலைக்குப் பின் அந்தப் பதவி பத்தாங்காஸ் ஊருக்குப் போய்விட்டது. என் கட்டுரையில் இந்த இரண்டு செய்தியும் ஒரே பத்தியில் வருகின்றன. தாலின் தலையூர் மேட்டுக்கு மாறியது, ஆனால் தால் தலையூராக இல்லாமல் போனது என்று எழுதினால் வாசகர் என்னைத்தான் திட்டுவார். கபெசெராவுக்குத் தலையூர், பொப்லசியோனுக்குக் கஸ்பா என்று பிரித்தால் பத்தி நேராகிவிடுகிறது: ‘1754-இல் மாகாணத் தலையூர் என்ற நிலையைத் தால் இழந்தது, 1755-இல் அதன் கஸ்பாவும் மேட்டுக்கு மாறியது.’

உருது என்பதில் எனக்குக் கூச்சம் இல்லை. தாலுகா, தாசில்தார், ஜில்லா எல்லாம் எங்கிருந்து வந்தன? வேலூர்க்காரரின் வாயில் இன்றும் புழங்குகிற சொல்லைவிட நாம் நேற்று ஒட்டவைத்த சொல் எப்படி அதிகத் தமிழ் ஆகும் என்று தெரியவில்லை. யாழ்ப்பாணத்து வாசகருக்காக, முதல் முறை வருகிற இடத்தில் ‘கஸ்பா, அதாவது கோயிலும் திடலும் அலுவலகமும் உள்ள முதன்மைக் குடியிருப்பு’ என்று விரித்துவிடுகிறேன். துணிக்கடைச் சிக்கல் அதோடு தீரும் என்று நம்புகிறேன்.

இன்னொரு யோசனையும் ஓடியது. அந்தப் பகுதி மக்களின் மொழியான தகாலோக்கில், பேச்சில் பொப்லசியோன் என்று அதிகம் பேர் சொல்வதில்லை, ‘பாயன்’ என்பார்கள். வெளிப் பரங்கையிலிருந்து சந்தைக்குக் கிளம்புகிறவர் பாயனுக்குப் போகிறேன் என்பார். அதே பாயன் முழுப் பேரூரையும் குறிக்கும், முழு நாட்டையும் குறிக்கும். நம் ‘நாடு’ சோழர் காலத்தில் சில ஊர்களின் தொகுதியாக இருந்து இன்று தேசமாக விரிந்ததை நினைத்துக்கொண்டேன். ‘ஊர்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடலாமா என்று ஒரு கணம் ஆசை வந்தது. பேச்சுக்குச் சரி, அட்டவணையில் நிற்காது.

-----

கஸ்பா ஏற்பு. தலையூர் பிரிப்பும் ஏற்பு, மனம் முழுக்க ஒப்பவில்லை என்றாலும். ஆனால் பரங்கையை ஏன் யாரும் தொடவில்லை? எனக்குப் பரங்கிக்காய்தான் நினைவு வருகிறது.

-----

அதைத் தொடாமல் விடுவதே நல்லது. பெயர் பரங்கியர் கொடுத்ததும் இல்லை, அவர்களுக்கு முந்தியது. பிளசென்சியா என்ற பிரான்சிஸ்கன் துறவி 1589-இல் எழுதிய குறிப்பில், ஒரு தலைவனுக்குக் கீழே சில இடங்களில் 100 வீடு, சில இடங்களில் 30-க்கும் குறைவு, அந்தக் கூட்டத்துக்குப் பரங்கை என்று பெயர் என்கிறார். படகின் பெயர் அது. ஒரே படகில் வந்திறங்கியவர்கள் கரையேறிய பின்னும் ஒரே கூட்டமாக இருந்தார்களாம். ஸ்பானியர் காலத்தில் பர்ரியோ என்ற சொல் மேலே வந்தது. 1974-இல் அரசு அதை எடுத்துவிட்டுப் பரங்கையைத் திரும்பக் கொண்டுவந்தது. இன்று நாடு முழுக்க ஏறக்குறைய 42,000 பரங்கைகள். அவர்கள் தேடி மீட்டுக்கொண்ட சொல்லை நாம் ‘வார்டு’ என்றோ ‘சிற்றூர்’ என்றோ மாற்றினால் படகு போய்விடும். அப்படியே இருக்கட்டும்.

எண்ணிட்ட பதினான்கையும் மொழிபெயர்க்கப் போவதில்லை. அவை பெயர்கள், ஆகவே அட்டவணையில் பொப்லசியோன் 1 முதல் 14 வரை அப்படியே வரும். கஸ்பா உரைநடையில் மட்டும்.

கடைசியாக ஒரு சின்னக் கேள்வி. ஊர்ப் பெயரை அவர்கள் ‘தா-அல்’ என்று இரண்டு அசையாக, நடுவில் சற்று நிறுத்திச் சொல்கிறார்கள். தால் என்று எழுதினால் ஓரசையாகிவிடுகிறது. ‘தாஅல்’ என்று எழுதலாமா? அளபெடை நமக்குப் புதிதில்லையே. யாராவது இலக்கணப் புலவர்கள் வந்து அடிப்பதற்குள் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை கட்டுரையை ஏற்ற வேண்டும்.