புதுப்பிப்பு: தார் எஸ் சலாம் – லுசாகா பஸ், துண்டுமா எல்லையில் தாமதம்

தான்சானியாவின் தார் எஸ் சலாமிலிருந்து ஜாம்பியாவின் தலைநகர் லுசாகாவுக்கு பஸ்ஸில் போகும்போது எல்லையில் வரும் நீண்ட தாமதத்தை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

மிகவும் உதவியது, லுசாகாவில் இறங்கும் அன்றே, அதே நாட்டின் தெற்கிலுள்ள லிவிங்ஸ்டன் ஊருக்கு டிக்கெட் போடாதே என்ற யோசனைதான். தான்சானியப் பக்கத்து எல்லை ஊரான துண்டுமாவுக்கு முன்பே செம்பு ஏற்றும் லாரிகள் சாலையை அடைத்து நிற்கின்றன, பஸ் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. பாஸ்போர்ட் முத்திரை சீக்கிரம் முடிந்தது, மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டையையும் கையோடு வைத்திருங்கள். நேரம் தின்றது சரக்கு சோதனைதான்: கூட வந்த வியாபாரிப் பெண்களின் துணி மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி, கயிறு அவிழ்த்து, எண்ணி, திரும்பவும் கட்டி ஏற்றும்வரை பஸ் நகராது.

நான் எதிர்பார்க்காதது ஒன்று. ஜாம்பியாவில் இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை பயணிகள் பஸ் ஓடத் தடை, 2016 இறுதியில் வந்த விதி. அதனால் மாலையில் எல்லை தாண்டினாலும் ஜாம்பியப் பக்கத்து எல்லை ஊரான நகோண்டேயில் பஸ்ஸுக்குள்ளேயே தூங்க வேண்டியதுதான். விபத்துகளைப் பார்த்துப் போட்ட தடை, எனக்கு அது சரியாகவே பட்டது. போர்வை கொண்டு போகச் சொன்னவருக்குத் தனி நன்றி, விடியற்காலைக் குளிர் கடுமை.

அப்புறம், ஜாம்பியாவுக்குள் வந்ததும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வையுங்கள். கொஞ்சம் குவாச்சா (ஜாம்பியப் பணம்) சில்லறையும் வேண்டும், கழிப்பறைக்கும் டீக்கும்.