சாதாரண தர மாலை வகுப்புக்கு மூடிலா, வட்ஸ்அப்பா?

கல்லடிக் கணிதம்:
மழை தொடங்கினால் எங்கள் இலவச மாலை வகுப்பு படுத்துவிடுகிறது. பிள்ளைகளில் பாதிப்பேர் வாவிக்கு அக்கரையிலுள்ள படுவான்கரையிலிருந்து வருகிறார்கள். வீதியில் வெள்ளம் ஏறினால் இந்தப் பக்கம் வரமுடியாது. அதனால் ஒன்லைனில் நிரந்தரமாக ஓர் இடம் அமைக்கலாம் என்று குழுவில் முடிவெடுத்தோம். என் தெரிவு மூடில். இணையத்தில் பாடமும் பரீட்சையும் வைக்க 2002இல் வெளியான திறந்த மூல மென்பொருள், உரிமக் கட்டணம் கிடையாது. வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படித்தவர்களுக்குப் பழக்கமானது. வினா வங்கியை ஒருமுறை கட்டிவிட்டால், வருடாவருடம் வினாக்களைக் கலைத்துப் பரீட்சை வைக்கலாம். சிலர் வட்ஸ்அப் போதும் என்கிறார்கள். காரணத்தோடு மறுத்தால் கேட்கிறேன்.

படுவான்கரை வாத்தியார்:
மறுக்கிறேன் சேர். இங்கே பல வீடுகளில் ஒரே ஒரு போன். அதைத் தகப்பன் வயலுக்கோ மேசன் வேலைக்கோ கொண்டுபோய்விடுவார். இரவு எட்டு மணிக்குத்தான் பிள்ளையின் கைக்கு வரும். அதிலிருப்பதும் முழு டேட்டா அல்ல, சமூக வலைத்தளங்களுக்கான மலிவுப் பொதி. அந்தப் பொதியில் வட்ஸ்அப் ஓடும், உங்கள் மூடில் தளம் திறக்காது. கொவிட் காலத்தில் பல்கலைக்கழக மாணவருக்கு, பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பின் வழியாக டேட்டா வெட்டாமல் சூம் விரிவுரை கிடைத்தது. கல்லடியில் நாலு பேர் கட்டும் தளத்துக்கு அப்படி ஒரு சலுகையை எந்த நிறுவனம் தரும்?

ஏறாவூர் 71:
சூம்?

படுவான்கரை வாத்தியார்:
இலவசக் கணக்கில் நாற்பது நிமிடத்தில் வெளியே தள்ளிவிடும். ஒரு மணிநேர வீடியோ வகுப்பு கிட்டத்தட்ட ஒரு ஜீபியை விழுங்கும். பத்து நிமிடக் குரல்பதிவு சில எம்பிதான்.

ஒலுவில் ஐடி:
சேர், மூடில் இலவசம் என்பது பாதி உண்மை. தளத்தை வைத்திருக்கும் சேவர் கணினிக்கு வாடகை, தள முகவரிக்கு டொமைன் கட்டணம், பாதுகாப்புத் திருத்தங்கள், தினமும் பிரதி எடுப்பது, இத்தனையும் யாராவது ஒருவரின் தலையில்தான் விழும். அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு ரியூஷன் நிலையம் ஆசையாக ஒரு தளம் கட்டியது. கட்டிய தம்பி கட்டாருக்குப் போனார். கடவுச்சொல்லும் அவரோடு போய்விட்டது. கூகுள் கிளாஸ்ரூம் எடுங்கள். 2017 முதல் சாதாரண ஜிமெயில் கணக்கிலேயே வகுப்பைத் திறக்கலாம், சேவர் தொல்லை இல்லை. உங்கள் பிள்ளைகள் பதினைந்து, பதினாறு வயதுக்காரர்கள் என்பதால் கணக்குத் திறக்கவும் தடையில்லை. தரம் 6 என்றால் வேறு கதை. பதின்மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பெற்றோர் வழியாகத்தான் கணக்கு எடுக்க வேண்டும்.

கல்முனைத் தாய்:
மூவரும் டேட்டாவையும் சேவரையும் மட்டுமே பேசுகிறீர்கள். என் மகள் தரம் 10. வகுப்பு வட்ஸ்அப் குழுவில் சேர்த்த கொஞ்ச நாளில் தெரியாத இலக்கங்களிலிருந்து இரவில் அழைப்புகள் வரத் தொடங்கின. குழுவில் உள்ள எல்லோருக்கும் எல்லோருடைய இலக்கமும் தெரிகிறது. வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? போனை வாங்கி வைத்தார்கள். அத்தோடு படிப்பும் நின்றது. பெண்பிள்ளைகளின் இலக்கம் வெளியே தெரியாத வழி எதுவோ, என் வாக்கு அதற்குத்தான்.

படுவான்கரை வாத்தியார்:
நியாயம் மிஸ். அதற்குக் குழுவை விட்டுவிட்டு வட்ஸ்அப் சனல் வைக்கலாம். 2023இல் வந்த வசதி. பின்தொடர்பவர்களின் இலக்கம் ஒருவருக்கொருவர் தெரியாது. பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் ஆசிரியருக்கு மட்டும் தனியாக அனுப்பட்டும்.

கல்லடிக் கணிதம்:
சனல் ஒருவழிப் பாதை. விடை எப்படி வரும்? நாற்பது பிள்ளைகளின் கொப்பிப் படங்கள், பாதி தலைகீழாக, மீதி குப்பி விளக்கு வெளிச்சத்தில் எடுத்ததுபோல. அதைத் திருத்தும் ஆசிரியருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆசிரியரின் போன் உடைந்தால் ஒரு வருட வேலை எங்கே என்று தேட வேண்டியதுதான். மூடிலின் கைபேசிச் செயலியில் பாடத்தைச் சிக்னல் உள்ள ஓரிடத்தில் தரவிறக்கிவிட்டு, சிக்னல் இல்லாத வீட்டிலிருந்து பயிற்சி செய்யலாம். கிளாஸ்ரூமில் பரீட்சை என்றால் பெரும்பாலும் கூகுள் படிவம். விடையளித்து அனுப்பும்வரை இணையம் வேண்டும். வெல்லாவெளியில் மழைநாளில் சிக்னல் நிற்குமா?

ஒலுவில் ஐடி:
நிற்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூடிலிலும் ஒரு நிபந்தனை உண்டு. இணையமின்றிப் பரீட்சை எழுத ஆசிரியர் அதற்கான அமைப்பைத் திறந்துவிட வேண்டும், நேரக் கட்டுப்பாடு வைக்கக்கூடாது, சரியா பிழையா என்பதை எழுதி முடித்த பிறகே காட்ட வேண்டும். அரைமணியில் எழுதி முடி என்று மாதிரிப் பரீட்சை வைக்க முடியாது. பயிற்சிக்கு மட்டும் பயன்படும்.

இன்னொன்று, இதை ஒருவரும் தொடவில்லை. உங்கள் வினாத்தாள்கள் எந்த எழுத்துருவில் இருக்கின்றன?

கல்லடிக் கணிதம்:
பாமினி. வேறென்ன.

ஒலுவில் ஐடி:
அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டும் பழைய எழுத்துரு. அப்படியானால் மூடிலில் ஒட்டினாலும் படிவத்தில் ஒட்டினாலும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். எந்தக் கருவியை எடுத்தாலும் முதல் வேலை, எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றுவது. மாற்றியதைச் சாதாரண எழுத்துக் கோப்பில், மூடில் ஏற்கும் கிஃப்ட் என்ற வினா வடிவத்தில் எழுதி வையுங்கள். பின்னொரு நாள் தளம் கட்டினால் அப்படியே உள்ளே இறங்கும். கட்டாவிட்டாலும் அதிலுள்ள விடைகளை நீக்கி, படமாக்கிச் சனலில் போடலாம். மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பின்னமும் வர்க்கமூலமும் மட்டும் உடையும், அவற்றைக் கையால் சரிபார்க்க வேண்டும்.

கல்முனைத் தாய்:
சரிபார்க்க நான் வருகிறேன். தட்டச்சுத் தெரியும்.

கல்லடிக் கணிதம்:
நன்றி மிஸ். அட்சரகணிதத்திலிருந்து தொடங்குவோம். ஆனால் தளம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த மழைக்குச் சனல் இருக்கட்டும். தை பிறந்ததும் சேவருக்குக் காசு சேர்க்கலாம். கடவுச்சொல்லை மூன்று பேர் வைத்திருப்போம், ஒருவர் கட்டாருக்குப் போனாலும் பயமில்லை.

படுவான்கரை வாத்தியார்:
கேத்திரகணிதத்தை நான் மாற்றித் தருகிறேன், படங்கள் அதில்தான் அதிகம். சேவருக்கு என்னிடம் காசு கேட்காதீர்கள் சேர். அந்தக் காசுக்கு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாதாமாதம் ரீலோட் போடுங்கள். யாருக்குத் தேவை என்று பட்டியல் தருகிறேன்.