தோப்பு ஓரத்தில் ஹைட்: புழுவா, தண்ணீரா?

தோப்புக்காரன்
ஆனைகட்டி அடிவாரத்தில் மாமனாருக்குத் தோப்பு இருக்கிறது. வேலிக்கு அப்பால் காடு. போன வாரம் சருகைக் கிளறிக்கொண்டிருந்த ஆறுமணிக்குருவி ஒன்று, நான் கேமராவை எடுப்பதற்குள் போய்விட்டது. அங்கேயே ஒரு ஹைட் (ஒளிந்திருந்து படமெடுக்கும் மறைவுக் கூடாரம்) போட்டு, எதிரே கொஞ்சம் மீல்வார்ம் புழு வைக்கலாம் என்றிருக்கிறேன். உத்தராகண்டின் சாத்தாலில் தீனி வைத்துத்தான் எடுத்தேன். யோசனை சொல்லுங்கள்.

ஈரக்கல்
ஹைட் போடுங்கள், புழு வேண்டாம். தினமும் ஒரே இடத்தில் தீனி விழுந்தால் குருவிக்கு மட்டுமா தெரியும்? வல்லூறுக்கும் தெரிந்துவிடும்.

தண்ணீர் போதும். அகலமான மண் தொட்டி, ஆழம் இரண்டு விரற்கடை. மேலே ஓட்டை போட்ட பாட்டிலைத் தொங்கவிடுங்கள்; சொட்டுகிற சத்தத்துக்கே செந்தலைப் பூங்குருவி வரும். ஹைட் தொட்டிக்குக் கிழக்கே இருந்தால் காலை வெயில் உங்கள் முதுகில் விழும். தூரம் 5 மீட்டர். லென்ஸ் குருவியின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும், அதாவது நீங்கள் மண்ணில் படுக்க வேண்டும்! உள்ளே கறுப்புத் துணி கட்டாவிட்டால் உங்கள் அசைவு நிழலாகத் தெரியும். இரண்டு வாரம் முன்பே கட்டி, லென்ஸ் துவாரத்தில் ஒரு குழாய்த் துண்டைச் செருகி வையுங்கள். பறவைகள் அதற்குப் பழகிவிடும்.

கொம்பன்
வாசலில் சிட்டுக்குருவிக்கு அரிசி போடுகிறோமே, அதுவும் தப்பா? வருஷத்துக்கு நான்கு நாள் புழு வைத்தால் காடு அழியாது. தண்ணீரை நம்பினால் கொண்டைக்குருவியும் தவிட்டுக்குருவியும்தான் வரும்.

ஈரக்கல்
நான்கு நாளோடு யார் நிறுத்தினார்கள், அண்ணே? புழு வைத்த படங்களைப் பாருங்கள். ஒரே கட்டை, ஒரே போஸ்.

தோப்புக்காரன்
சரி, புழு வேண்டாம். ஒரு மாமரப் பொந்தில் ஆந்தை அடைகாக்கிறது. ஹைட்டை அங்கே மாற்றலாமா?

கொம்பன்
இதில் ஈரக்கல் பக்கம்தான் நான். கூட்டுப் பக்கம் போகாதீர்கள். இங்கிலாந்துப் படக்காரர் எரிக் ஹோஸ்கிங் 1937இல் ஆந்தைக் கூட்டுக்கு அருகே இருந்த ஹைட்டுக்குப் போனபோது, அது தாக்கி இடது கண்ணை இழந்தார். உங்கள் கண்ணை விடுங்கள், தாய் பயந்து பறந்தால் முட்டை என்ன ஆகும்?

மலையடிவாரம்
தம்பிகளா, யாரும் யானையைப் பற்றிப் பேசவில்லையே. நான் அந்தப் பக்கத்துக்காரி. கோடையில் தண்ணீர் எங்கே இருந்தாலும் யானை வரும். தொட்டி சின்னதாக இருக்கட்டும், மாலையில் கவிழ்த்துவிடுங்கள். துணிக் கூடாரத்துக்குள் படுத்திருந்தால் பின்னால் வருவது தெரியாது. வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டு, நன்றாக விடிந்த பிறகு போங்கள். வேலி தாண்டிக் கட்டாதீர்கள். அது காட்டுக்காரர்கள் இடம்.

கொம்பன்
அக்கா, ஆறுமணிக்குருவி பேருக்கு ஏற்ற மாதிரி 6 மணிக்குத்தான் கூவும்.

மலையடிவாரம்
கூவட்டும். வீட்டுத் திண்ணையிலிருந்து கேளுங்கள்.

தோப்புக்காரன்
8 மணிக்குத்தான் போவேன், அக்கா. தொட்டிக்குப் பதில் பழைய ஆட்டுக்கல் இருக்கிறது, குழி ஆழம். கூழாங்கல் போட்டு நிரப்பினால் ஆகுமா?

ஈரக்கல்
தாராளமாக. ஆனால் ஆட்டுக்கல்லை மாலையில் யார் கவிழ்ப்பது? துணி வைத்து ஒற்றி எடுத்துவிடுங்கள்.

கொம்பன்
என் தோட்டத்தில் நான் புழுதான் வைக்கப்போகிறேன். மார்ச் மாதம் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.