பாலு கரடி ஜெர்மன் பேசினால்தான் பாலு

ஹம்பர்கில் இருந்து:

ஜெர்மனியில் தியேட்டருக்குப் போய் அதிகம் பேர் பார்த்த படம் எது என்று கேட்டால் பலரும் டைட்டானிக் என்பார்கள். அதற்கு விற்றது சுமார் 1 கோடியே 80 லட்சம் டிக்கெட். டிஸ்னியின் ஜங்கிள் புக்குக்கோ 2 கோடியே 70 லட்சத்துக்கும் மேல்! அமெரிக்காவில் 1967 அக்டோபரில் வெளியான அந்தப் படம் இங்கே 1968 டிசம்பரில் வந்தது. அப்புறம் சில வருடங்களுக்கு ஒரு முறை மறுபடி மறுபடி ஓட்டி, தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறையையும் உள்ளே இழுத்துவிட்டார்கள்.

இதை எண்ணிக்கையாகப் படிப்பது வேறு, நேரில் பார்ப்பது வேறு. மகளின் மழலையர் பள்ளியில் கோடை விழா. டீச்சர் கிதாரை எடுத்து ‘ப்ரோபியர்ஸ் மால் மிட் கெம்யூட்லிஷ்கைட்’ என்று ஆரம்பித்தார். பாலு கரடி பாடும் பாட்டு. குழந்தைகள் பாடியது பெரிதில்லை, பின் வரிசையில் பியர் கிளாசோடு நின்ற தாத்தாக்கள் ஒரு வரி விடாமல் பாடினார்கள். யார் கையிலும் தாள் இல்லை. பக்கத்தில் நின்றவரிடம், “ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறீர்களா?” என்றேன். “ஒரு முறை கேட்டேன். அதில் பாலுவுக்குக் குரல் சரியாக அமையவில்லை” என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அன்று இரவே இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிக் கேட்டேன். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆங்கிலத்தில் பாலுவாகப் பேசியவர் ஃபில் ஹாரிஸ், இசைக்குழு நடத்தியவர், ரேடியோ நகைச்சுவைக்காரர். பேச்சில் ஒரு அலட்சியம் இருக்கும். ஜெர்மனில் எட்கர் ஓட். அடிவயிற்றில் இருந்து வரும் கனத்த குரல். குழந்தைகள் படுக்கும்போது கேட்கும் பெஞ்சமின் ப்ளூம்ஷன் கேசட்டுகளில் பேசும் யானையும் இவர்தான். அதனால் எழுபதுகளின் கடைசியில் இருந்து இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் குரல் வீட்டில் ஒருவர் மாதிரி.

ஷேர் கான் புலிக்குப் பேசிய சீக்ஃப்ரீட் ஷ்யூரன்பெர்க், ‘கான் வித் த விண்ட்’ படத்தில் கிளார்க் கேபிளுக்கு ஜெர்மன் குரல் கொடுத்தவர். அந்தக் கனவான் குரல் மரியாதையாக விசாரிக்கும்போதுதான் பயம் அதிகமாகிறது. குரங்கு ராஜா லூயியிடம் மட்டும் என் ஓட்டு ஆங்கிலத்துக்கு. லூயி ப்ரிமா நியூ ஆர்லியன்ஸில் பிறந்த ஜாஸ் ஆள். சொல்லே இல்லாமல் வெறும் ஓசையில் அவர் விளையாடும் இடத்தை மியூனிக் மேடை நகைச்சுவைக்காரர் க்ளாஸ் ஹாவன்ஸ்டைன் நன்றாகவே சமாளிக்கிறார், ஆனால் சமாளிப்பது தெரிகிறது.

இத்தனைக்கும் பின்னால் இருந்தவர் ஹைன்ரிஷ் ரீத்ம்யூல்லர். வசனம், பாட்டு வரிகள், டப்பிங் இயக்கம் மூன்றும் அவர் கையில். அடிப்படையில் இசைக்காரர். வரிக்கு வரி பெயர்க்காமல் தாளம் விழும் இடத்தில் ஜெர்மன் சொல்லின் அழுத்தமும் விழுகிற மாதிரி புதிதாக எழுதியிருக்கிறார். நீட்டிப் பாடும் இடங்களில் கரடியின் வாயும் ஒலியும் ஒத்துப்போவதைக் கவனித்துப் பாருங்கள். அந்த டப்பிங்கை இன்று வரை யாரும் மாற்றவில்லை.

ஸ்டாக்ஹோமில் இருந்து:

இங்கேயும் அதே கதைதான், ஆள்தான் வேறு. ஸ்வீடனில் பாலு என்றால் பெப்பே வோல்கர்ஸ். போதாததற்கு, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியம் 3 மணிக்கு டிஸ்னி தொகுப்பு ஒன்றை டிவியில் போடுவார்கள். 1960-ல் இருந்து நடக்கிறது. என்னை அழைத்திருந்த வீட்டில் அந்த நேரம் சாப்பாட்டு மேசையே காலி. கதை சொல்லும் பெங்ட் ஃபெல்ட்ரைஷின் வாக்கியங்களை அவருக்கு முன்பே எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆம்ஸ்டர்டாமில் இருந்து:

நான் சொல்லப்போவது கொஞ்சம் கனமான விஷயம். ஊரில் இருந்து வந்த நண்பர்களை ஹாலந்த்ஷே ஸ்கவ்புர்க் என்ற நினைவிடத்துக்குக் கூட்டிப்போனேன். ஒரு காலத்தில் நாடக அரங்கம். நாஜி ஆக்கிரமிப்பில் யூதர்களை முகாம்களுக்கு அனுப்புமுன் அடைத்து வைத்த இடம். அங்கே நடித்தவர்களில் ஒருவர் ஜெர்மன் யூத நடிகர் குர்ட் கெரோன். நண்பர்களில் ஒருவன் சினிமாப் பைத்தியம். “ஸ்னோ வைட்டின் முதல் ஜெர்மன் டப்பிங் இவருடையதுதானே” என்றான்.

உண்மைதான். 1937 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் முதலில் காட்டிய படத்துக்கு ஜெர்மன் குரல் பதிவு நடந்தது பெர்லினில் அல்ல, 1938-ல் ஆம்ஸ்டர்டாமில். இயக்கியவர் கெரோன். பேசியவர்களில் நாஜிகளிடமிருந்து தப்பி வந்திருந்த யூதக் கலைஞர்கள் இருந்தார்கள். பொல்லாத ராணியின் குரல் டோரா கெர்சன். ஹிட்லர் ஆட்சியில் படம் ஜெர்மனியில் வெளியாகவே இல்லை. டோராவை 1943-லும் கெரோனை 1944-லும் ஆஷ்விட்ஸில் கொன்றார்கள். படம் மேற்கு ஜெர்மன் தியேட்டர்களுக்கு 1950-ல்தான் வந்தது, அதே குரல்களோடு. 1966-ல் புதிய டப்பிங் வரும்வரை அதுதான் ஓடியது. 1994-ல் இன்னொன்றும் செய்தார்கள். 1950-ல் இருந்து 1966 வரை அந்தப் பதினாறு வருடமும் பிள்ளைகளைக் கூட்டிப்போன பெற்றோரில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்?

எஸ்ஸனில் இருந்து:

ஹம்பர்க் அண்ணா, ஜங்கிள் புக்கை யாரும் தொடவில்லை என்று சந்தோஷப்படுகிறீர்கள். எங்கள் வயிற்றெரிச்சலையும் கேளுங்கள். நான் இங்கேயே பிறந்தவள். அப்பா எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்து அகதியாக வந்தவர். வீட்டில் தமிழ்ப்பட கேசட்டுகளுக்கு நடுவே இருந்த ஒரே ஜெர்மன் கேசட் டிஸ்னியின் ‘லிட்டில் மெர்மெய்ட்’. இங்கே அதற்கு அந்தக் கடல்கன்னியின் பெயரே, ஆரியெல். 1990-ல் வந்த அந்த டப்பிங்கில் பாட்டுகளைப் பாடியவர் ஊட்டே லெம்பர். நானும் தங்கையும் குளியலறையில் அவரைப் போலவே மூச்சை இழுத்து இழுத்துப் பாடுவோம், அம்மா கதவைத் தட்டும் வரைக்கும்.

பெரியவளாகி என் பிள்ளைகளுக்கு டிவிடி வாங்கிப் போட்டால், ஆரியெல் வாயைத் திறந்ததும் யாரோ பேசுகிறாள்! 1998-ல் மறுவெளியீட்டுக்காக முழுப் படத்தையும் வேறு ஆட்களை வைத்து மறுபடி டப்பிங் செய்திருக்கிறார்கள். பாட்டு வரிகளும் மாறிவிட்டன. புதிதில் பாடியவர் மோசம் என்று சொல்ல மாட்டேன். என் பிள்ளைகளுக்கு அவள்தான் ஆரியெல், நான் பாடினால் “அம்மா, தப்பாகப் பாடுகிறீர்கள்” என்று திருத்துகிறார்கள். அப்பாவுக்கு இரண்டும் ஒன்றுதான். அவருக்கு அந்த நண்டு வந்தால் போதும்.

பழைய கேசட் இன்னும் அலமாரியில் இருக்கிறது, ஓட்டத்தான் ப்ளேயர் இல்லை. எஸ்ஸன், டுய்ஸ்பர்க் பக்கம் யாரிடமாவது வேலை செய்கிற விஎச்எஸ் ப்ளேயர் இருந்தால் சொல்லுங்கள், ஒரு வார இறுதிக்கு மட்டும் போதும்.