லேப் டைமர் சில சுற்றுகளைப் பிடிக்கவே இல்லை, நேரமும் குறையவில்லை: உதவி தேவை

இரண்டாம்கியர் (ஞாயிறு, இரவு 9:52)
அவசரம். நேற்று இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் ட்ராக் டே, சொந்த வண்டியைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கும் நாள். போனில் சுற்று நேரத்தை அளக்கும் டைமர் ஆப்பைப் போட்டுத்தான் ஓட்டினேன். 2:19, 2:22 என்று வந்துகொண்டிருந்த நேரம் திடீரென்று 4:41 என்று வருகிறது. பிட்டில், அதாவது வண்டிகள் வந்து நிற்கும் இடத்தில், சுவரோரம் நின்ற என் தம்பி ஸ்டாப்வாட்சில் பிடித்த நேரத்துக்கும் ஆப் காட்டுவதற்கும் சில சுற்றுகளில் இரண்டு செகண்டு வித்தியாசம். ஆர்.பி.எம். (எஞ்சின் சுழலும் வேகம்) கிராஃப் படிக்கட்டு படிக்கட்டாக ஏறி இறங்குகிறது. எதை நம்புவது? டைமர் வந்த பிறகும் நேரம் ஒரே இடத்தில்தான் நிற்கிறது. அடுத்த சனிக்கிழமை மறுபடி போகிறேன், அதற்குள் சரி செய்ய வேண்டும்.

மேடவாக்கம்_மணி (இரவு 10:05)
காரா பைக்கா? எந்த ஆப்? போனுக்குள் இருக்கும் ஜி.பி.எஸ்ஸா, வெளியே தனியாக வைத்ததா? இதையெல்லாம் சொன்னால்தானே யாராவது பதில் சொல்ல முடியும்.

சூடான_ரப்பர் (இரவு 10:11)
நேரம் குறையாததற்கு முதலில் டயர் பிரஷரைப் பாருங்கள். நம்ம ஊர் வெயிலில் காலையில் 33 வைத்துக்கொண்டு உள்ளே போனால் நாலைந்து சுற்றில் 39, 40 வரை ஏறிவிடும். அப்புறம் பிடிமானம் எங்கே இருக்கும்? பிட்டுக்கு வந்ததும், சூடு ஆறுவதற்குள் அளந்து காற்றை இறக்குங்கள். டைமரையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

25ஹெர்ட்ஸ் (இரவு 10:20)
போன் ஜி.பி.எஸ். என்றால் செகண்டுக்கு ஒரு புள்ளிதான். 140 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு செகண்டில் வண்டி 39 மீட்டர் போய்விடும். 25 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 25 புள்ளி எடுக்கும் ரிசீவரில் ஒன்றரை மீட்டருக்கு ஒரு புள்ளி கிடைக்கும். ரேஸ்பாக்ஸ் என்று அப்படி ஒரு ரிசீவர் இருக்கிறது, வாங்கிவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

இரண்டாம்கியர் (இரவு 10:34)
கார்தான். டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக், ஸ்டாக், எதையும் மாற்றவில்லை. ஆண்ட்ராய்டு போன், ரேஸ்க்ரோனோ ஆப். எஞ்சின் தகவலைப் போனுக்கு அனுப்பும் ப்ளூடூத் ஓபிடி அடாப்டரும் போட்டிருக்கிறேன்.

தூரம்_நேரம் (இரவு 10:50)
இன்னும் நான்கு விஷயம் தெரிய வேண்டும். போனை வண்டியில் எங்கே வைத்திருந்தீர்கள்? பேட்டரி சேவர் போட்டிருந்தீர்களா? ஓபிடியில் எத்தனை சேனல், அதாவது ஆர்.பி.எம். போன்ற அளவுகள், கேட்கிறீர்கள்? எல்லாவற்றையும்விட முக்கியம், சுற்று ஆரம்பிக்கும் கோட்டை ஆப்பில் எப்படிப் போட்டீர்கள்? ட்ராக் பட்டியலிலிருந்து எடுத்ததா, நீங்களே வரைந்ததா?

சோழவரத்தான் (இரவு 11:15)
ஒவ்வொரு மாதமும் இதே கேள்வியோடு ஒருவர் வருகிறார். பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பொறுமை யாருக்கும் இல்லை. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நாங்கள் ஓட்டிய காலத்தில் கையில் ஒரு ஸ்டாப்வாட்ச், காதில் எஞ்சின் சத்தம், அவ்வளவுதான் இருந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டை வந்த பிறகும் அதை வைத்துத்தான் கற்றுக்கொண்டோம். 3.7 கி.மீ., 12 வளைவு. எந்த வளைவு எதற்காக இருக்கிறது என்று புரியாதவருக்கு கிராஃப் எதற்கு? முதலில் அந்தப் பாதையில் நடந்து போய்ப் பாருங்கள் தம்பி.

மேடவாக்கம்_மணி (இரவு 11:22)
சார், நடந்து பார்ப்பது நல்ல யோசனைதான். ஆனால் அவர் கேட்டது 4:41 ஏன் வருகிறது என்று.

இரண்டாம்கியர் (திங்கள், காலை 7:40)
போன் கப் ஹோல்டரில் இருந்தது. பேட்டரி சேவர் எப்போதும் ஆன்தான், இல்லாவிட்டால் மத்தியானத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. ஓபிடியில் வருகிற எல்லாவற்றையும் டிக் செய்திருக்கிறேன், ஒரு ஒன்பது பத்து இருக்கும். கோடு நானே போட்டது. பிட் எக்ஸிட்டில், ட்ராக்குக்குள் போகும் வழியில், வரிசையில் நிற்கும்போது பட்டனை அழுத்தினேன். இதெல்லாம் முக்கியமா?

தூரம்_நேரம் (காலை 8:25)
முக்கியம். உங்கள் பதில் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

4:41ஐப் பாருங்கள், 2:19உம் 2:22உம் சேர்ந்தது. நடுவில் ஒருமுறை கோட்டைத் தாண்டியதை ஆப் கவனிக்கவில்லை. நீங்கள் கோடு போட்டது பிட் லேனில். வண்டி ஓடுவது பக்கத்திலிருக்கும் நேர்பாதையில். கோட்டின் ஓரம் பாதை வரை நீண்டு வருவதால் சில சுற்றில் தொடுகிறது. ஜி.பி.எஸ். மூன்று நான்கு மீட்டர் நகர்ந்து காட்டிய சுற்றில் தொடவில்லை. வெளியே போகும் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு கோடு போடவே கூடாது. வீட்டில் உட்கார்ந்து சாட்டிலைட் படத்தைப் பார்த்து, மெயின் ஸ்ட்ரெய்ட்டுக்குக் குறுக்கே, வண்டி ஸ்டியரிங் திருப்பாமல் வேகமாகப் போகும் இடத்தில் போடுங்கள். அகலம் பாதையைவிட இரண்டு பக்கமும் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும், பிட் லேனைத் தொடக் கூடாது.

இரண்டு செகண்டு வித்தியாசம் தனி விஷயம். 1 ஹெர்ட்ஸ்தான் காரணம் என்று 25ஹெர்ட்ஸ் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கோடு நேர்பாதையில் இருந்தால், இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் எப்போது தாண்டியது என்று ஆப் கணக்கிட்டுவிடும். 140இல் மூன்று மீட்டர் பிழை என்றால் 0.08 செகண்டுதான். மொத்தமாக ஓரிரு பத்தில் ஒரு பங்கு செகண்டுக்குள் அடங்கிவிடும். இரண்டு செகண்டு தவறுகிறது என்றால் நடுவில் புள்ளியே வராமல் இருந்திருக்கிறது. கப் ஹோல்டரில் போனுக்கு வானம் தெரியாது, பேட்டரி சேவர் இருப்பிடத்தைக் கேட்பதையே குறைத்துவிடும். சேவரை அணையுங்கள், சார்ஜரில் போட்டு விண்ட்ஷீல்டில் மாட்டுங்கள். நேர் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சூடேறினால் போன் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஆர்.பி.எம். படிக்கட்டு ஓபிடியால் வருவது. அந்தச் சின்ன அடாப்டர் ஒவ்வொரு சேனலையும் தனித்தனியாகக் கேட்டுப் பதில் வாங்கும். பத்து சேனல் கேட்டால் ஒவ்வொன்றும் ஒரு செகண்டுக்கு மேல் கழித்துத்தான் திரும்ப வரும். ஆர்.பி.எம்., த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டர்) இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். பிரேக் எவ்வளவு அழுத்தினீர்கள் என்பது பொதுவான ஓபிடியில் கிடைக்காது. அதை வேகம் குறையும் விதத்திலிருந்துதான் படிக்க வேண்டும்.

25ஹெர்ட்ஸ் (காலை 9:02)
சுற்று நேரத்துக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் வளைவுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க 1 ஹெர்ட்ஸ் போதாது. மிகக் குறைந்த வேகம் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் வந்து போய்விடும், கிராஃபில் தெரியவே தெரியாது.

தூரம்_நேரம் (காலை 9:10)
அது முழுக்கச் சரி. அதற்காக வாங்கலாம். 10 ஹெர்ட்ஸே போதும்.

கோவை_டெயில்லைட் (காலை 9:30)
டைமரைத் திரையில் ஓடவிட்டு ஓட்டுவதே தப்பு என்பது என் கருத்து. பிரிட்டனில் பெரும்பாலான ட்ராக் டேக்களில் நேரம் எடுக்கவே விடமாட்டார்கள். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ட்ராக்கில் பொதுமக்கள் ஓட்டும் நேரத்திலும் தடை. இன்சூரன்ஸ் ஒரு காரணம். அதைவிடப் பெரியது, எண்ணைப் பார்த்ததும் மனிதன் எல்லை மீறுகிறான். செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே ட்ராக்கில் என் கண் முன்னால் ஒருவர் டெல்டாவை, அதாவது சிறந்த சுற்றைவிட எவ்வளவு முன்னே பின்னே என்று திரையில் ஓடும் எண்ணை, பார்த்துக்கொண்டே பிரேக் போட மறந்து புல்லுக்குள் போனார்.

மேடவாக்கம்_மணி (காலை 9:41)
தடை இருந்தும் நூர்பர்க்ரிங்கில் முழுச் சுற்றுக்குப் பதில் பாலத்திலிருந்து கேன்ட்ரி வரை என்று எத்தனை பேர் நேரம் எடுக்கிறார்கள்! தடுத்தால் ஒளித்து எடுப்பார்கள், அது இன்னும் ஆபத்து.

கோவை_டெயில்லைட் (காலை 9:50)
ஒளித்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக எல்லோரையும் எடுக்கச் சொல்வீர்களா? ட்ராக் டே பந்தயம் கிடையாது. முதன்முறை வருபவரும் அதே பாதையில் இருக்கிறார். 2:19ஐ 2:18 ஆக்கும் வெறியில் அவரை இடித்தால் யார் பொறுப்பு?

சோழவரத்தான் (காலை 10:15)
கோவைக்காரர் சொல்வதை நான் ஆதரிக்கிறேன். ஓட்டத் தெரிந்தவருக்கு டெல்டா தேவையில்லை, தெரியாதவருக்கு அது கையில் கிடைக்கக் கூடாது.

தூரம்_நேரம் (காலை 10:40)
சார், தெரியாதவர் எப்படித் தெரிந்துகொள்வது? பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர எல்லோருக்கும் கோச் கிடைப்பதில்லை. திரையை அணைத்துவிட்டு, பதிவு மட்டும் ஓடட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். பிட்டுக்கு வந்து எஞ்சினை அணைத்த பிறகு பார்ப்பதில் யாருக்கும் ஆபத்து இல்லை. நான் சொல்லித்தரும் எல்லோரையும் அப்படித்தான் ஓட்டச் சொல்கிறேன். ஓடும்போது டெல்டாவைப் பார்க்கக் கூடாது என்பதில் கோவை சொல்வதோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

இரண்டாம்கியர், நல்லபடியாகப் பதிவான நான்கு சுற்றை எடுங்கள். கிராஃபின் கீழ் அச்சில் நேரத்தை எடுத்துவிட்டு தூரத்தை வையுங்கள். நேரத்தை வைத்து ஒப்பிட்டால் ஒரு சுற்றில் வளைவுக்குள்ளும் இன்னொன்றில் வளைவுக்கு வெளியேயும் இருப்பீர்கள், எதுவும் புரியாது. மெதுவான வளைவு ஒன்றில் உள்ளே போகும் வேகம், குறைந்த வேகம், வெளியே வந்து 150 மீட்டர் கழித்து என்ன வேகம் என்று எழுதி அனுப்புங்கள்.

இரண்டாம்கியர் (மாலை 6:30)
அக்கா, கோட்டிலிருந்து 1900 மீட்டர் என்று காட்டும் வளைவு.
138 – 71 – 118
146 – 63 – 113
137 – 72 – 119
144 – 65 – 114
ஐடியல் லேப் 2:13 என்று காட்டுகிறது. அப்படியென்றால் என்னால் 2:13 ஓட்ட முடியும்தானே?

சூடான_ரப்பர் (மாலை 6:44)
அந்த 63 வந்த சுற்று கடைசியா? டயர் சூடேறியிருக்கும். பிரஷர் எவ்வளவு இருந்தது?

தூரம்_நேரம் (இரவு 8:15)
இதில் விஷயம் இருக்கிறது. 63ஐயும் 65ஐயும் நான் அப்படியே நம்பமாட்டேன், 25ஹெர்ட்ஸ் சொன்ன காரணம்தான். ஆனால் 113, 118 நம்பலாம். நேராக முடுக்கும்போது வேகம் சீராக ஏறும், ஜி.பி.எஸ். வேகத்தை டாப்ளர் முறையில் (சிக்னலின் அதிர்வெண் மாறுவதை வைத்து) அளப்பதால் அந்த எண் நன்றாகவே இருக்கும். ஒன்றுவிட்டு ஒன்று வருவதால் டயர் சூடும் காரணம் இல்லை. சூடென்றால் போகப் போக மோசமாகியிருக்கும்.

146, 144இல் உள்ளே போன இரண்டு சுற்றிலும் வெளியே வரும்போது ஐந்து கி.மீ. குறைவு. தாமதமாகப் பிரேக் போடுகிறீர்கள், வண்டி உள்பக்கம் திரும்ப மாட்டேன் என்கிறது, காத்திருந்து காத்திருந்து த்ராட்டிலைத் திறக்கிறீர்கள். அந்தத் தாமதத்தில் கிடைத்த லாபம் பத்தில் ஒரு பங்கு செகண்டு இருக்கலாம். 63இலிருந்து 113க்கு அந்த 150 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 6.1 செகண்டு, 71இலிருந்து 118க்கு 5.7. பத்தில் ஒன்றைப் பிடித்து நான்கைக் கொடுத்திருக்கிறீர்கள். ஓட்டும்போது உங்களுக்கு 146 வந்த சுற்றுதான் வேகமானதாகத் தோன்றியிருக்கும். அதற்காகத்தான் பதிவு வேண்டும் என்கிறேன். உடம்புக்குத் தெரிவது பிரேக்கின் வேகம், வெளியே வரும்போது இழந்த ஐந்து கி.மீ. உடம்புக்குத் தெரியாது.

2:13 பற்றி: ஒவ்வொரு துண்டிலும் உங்கள் மிக நல்ல நேரத்தை எடுத்து ஆப் கூட்டிவிடுகிறது. தாமதமாகப் பிரேக் போட்ட சுற்றின் நுழைவையும் சீக்கிரம் போட்ட சுற்றின் வெளியேற்றத்தையும் ஒட்டவைத்தால் வரும் எண் அது. இரண்டையும் ஒரே சுற்றில் செய்ய முடியாது. துண்டுகளைக் குறைத்து மூன்று பெரிய செக்டராக வைத்தால் கொஞ்சம் நம்பத்தக்க எண் வரும்.

சனிக்கிழமை முதல் செஷனில் இந்த ஒரு வளைவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக்கை 15 மீட்டர் முன்னால் தள்ளுங்கள், வெளியே வரும் வேகத்தை மட்டும் பாருங்கள். இன்னொன்று, முன்பின் ஜி கிராஃபில் (வண்டியின் வேகம் கூடுவதையும் குறைவதையும் காட்டுவது) பிரேக்குக்கு முன்னால் மைனஸ் 0.1 சுற்றி ஒரு தட்டையான பகுதி தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் த்ராட்டிலிலிருந்து காலை எடுத்து பிரேக்குக்குக் கொண்டுபோகும் வரை வண்டி சும்மா உருள்கிறது. 120இல் அரை செகண்டு அப்படி உருண்டால் 17 மீட்டர் வீணாகிறது.

சோழவரத்தான் (இரவு 9:05)
மெதுவாக உள்ளே போ, வேகமாக வெளியே வா. இதை எங்களுக்கு எந்த கிராஃபும் சொல்லித்தரவில்லை.

தூரம்_நேரம் (இரவு 9:12)
உங்களுக்குச் சொல்லித்தர ஒருவர் இருந்தார் சார். இவருக்கும் அதையேதான் சொல்கிறேன், எந்த வளைவில், எவ்வளவு என்பதோடு சேர்த்து.

கோவை_டெயில்லைட் (இரவு 9:20)
திரையை அணைத்துவிட்டு ஓட்டுவதென்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இரண்டாம்கியர் (சனி, இரவு 10:48)
ரொம்ப நன்றி அக்கா. கோடு மாற்றினேன், சேவர் அணைத்தேன், நண்பரின் 10 ஹெர்ட்ஸ் ரிசீவரைக் கடன் வாங்கிப் போட்டேன். ஒரு சுற்றும் விடுபடவில்லை, தம்பியின் வாட்சோடு ஒத்துப்போகிறது. சிறந்தது 2:16.8. 1900 மீட்டரில் வெளியே 119, 120, 119. களைப்பாக இருக்கிறது, பதிவான லாக் ஃபைலை நாளை அனுப்புகிறேன்.

தூரம்_நேரம் (இரவு 11:03)
அருமை. 2:16.8ஐ மட்டும் அனுப்பாதீர்கள், அதே செஷனில் ஓட்டிய 2:18 ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அடுத்த வளைவு எதுவென்று தெரியும்.