வீட்டில் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதி ஆஸ்துமாவைக் கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி: இரவில்தான் மூச்சு இழுக்கிறது, பகலில் போய் ஸ்பைரோமெட்ரி (ஆய்வகத்தில் ஊதி நுரையீரலின் திறனை அளக்கும் பரிசோதனை) எடுத்தால் எல்லாம் நார்மல் என்கிறார்கள். வீட்டிலேயே பீக் ஃப்ளோ மீட்டரில் (மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று காட்டும் சிறு கருவி) ஊதிப் பார்த்தால் ஆஸ்துமா பிடிபடுமா?

பதில் 1: வாய்ப்பு உண்டு, ஆஸ்துமாவின் குணமே ஏறி இறங்குவதுதானே. காலையும் மாலையும், இன்ஹேலர் எடுப்பதற்கு முன், மூன்று முறை ஊதி அதிகபட்ச எண்ணை மட்டும் எழுதுங்கள், இரண்டு வாரம் விடாமல். பெரியவர்களுக்கு அன்றாட ஏற்ற இறக்கம் சராசரியாக 10 சதவீதத்தைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும்.

பதில் 2: ஊதும் விதம் முக்கியம். நான் முதல் வாரம் முழுக்க மெதுவாக, நீளமாக ஊதிவிட்டு எண் குறைகிறதே என்று பயந்துகொண்டிருந்தேன்! நெஞ்சு நிறைய இழுத்து, உதட்டை இறுக்கி, ஒரே வேகத்தில் சட்டென்று ஊத வேண்டும்.

பதில் 3: சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்றால் இந்தக் கருவி போதாது, ஸ்பைரோமெட்ரிதான் வேண்டும். அப்புறம், உங்கள் சொந்த உச்ச அளவில் (நன்றாக இருக்கும்போது நீங்கள் ஊதிய அதிகபட்ச எண்) பாதிக்கும் கீழே போனால் எழுதிக்கொண்டு உட்காராதீர்கள், உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.