கிறிஸ்துமஸ் தட்டு யார் யார் வீட்டுக்குப் போனது? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

நெல்லித்தோப்பு மருமகள்:

டிசம்பர் பிறந்துவிட்டது. வீட்டில் சமைத்த கிறிஸ்துமஸ் சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்ட அனுபவங்களை எழுதலாம் என்று பேச்சு வந்தது. சரி, நானே ஆரம்பிக்கிறேன்.

நான் பிறந்தது கடலூர் முதுநகர். 2001-இல் கல்யாணமாகிப் புதுச்சேரி நெல்லித்தோப்புக்கு வந்தேன். விண்ணேற்பு அன்னை கோவில் மணி காதில் விழும் தூரத்தில் வீடு. என் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தைக்குக் கிறிஸ்துமஸ் வேலை நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்றே தொடங்கிவிடும். காலையில் கல்லறைக்குப் போய்ப் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்துவிட்டு வருவோம். அன்று சாயங்காலமே உலர்திராட்சை, பேரீச்சை, சர்க்கரைப் பாகில் போட்ட ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, பீங்கான் ஜாடியில் ரம் ஊற்றி ஊறப்போடுவார். எல்லாம் ரவை கேக்குக்காக. விவிகம் என்று சொல்கிறார்களே, அதுதான். மைதா கிடையாது. எங்கள் வீட்டு அளவு: அரைக் கிலோ ரவை, அரைக் கிலோ வெண்ணெய், அரைக் கிலோ சர்க்கரை, 12 முட்டை. ரவையையும் வெண்ணெயையும் பிசைந்து ஒரு ராத்திரி வைத்துவிட வேண்டும். மறுநாள் கிளறினால் ரவை வெண்ணெயைக் குடித்துப் பூத்திருக்கும். மஞ்சள் கருவைச் சர்க்கரையோடும், வெள்ளையைத் தனியாகவும் அடிக்க வேண்டும். வெள்ளை நுரைத்த பிறகு அத்தை பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பார். ஒரு சொட்டு வழிந்தாலும் இன்னும் அடி என்பார். முதல் வருடம் எனக்குத் தோள் இரண்டு நாள் வலித்தது.

மாவு கலந்ததும் டின்னில் ஊற்றித் தெருக்கோடி பேக்கரிக்கு எடுத்துப் போவோம். ரொட்டி வேலை முடிந்த பிறகு அந்த விறகு அடுப்புச் சூட்டில் வைத்துத் தருவார்கள். டிசம்பர் 22, 23 ராத்திரிகளில் தெருவே அங்கேதான் நிற்கும். டின் மாறாமல் இருக்க ஒருவர் கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டியிருப்பார், இன்னொருவர் அடியில் ஆணியால் சிலுவை கீறியிருப்பார். யார் வீட்டு டின் நன்றாக உப்பியிருக்கிறது என்று எல்லோரும் எட்டிப் பார்ப்போம்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். அந்த முதல் கிறிஸ்துமஸ் காலை, நள்ளிரவுப் பூசைக்குப் போய் வந்த தூக்கக் கலக்கத்திலும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அத்தை இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தார், பாயா கொதித்துக்கொண்டிருந்தது. அவரைக் கேட்காமலே ஒரு பெரிய எவர்சில்வர் தட்டில் கேக், அச்சு முறுக்கு, அதிரசம், நாலு மட்டன் கட்லெட் எல்லாவற்றையும் அடுக்கி, துணி போட்டு மூடி, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த வீட்டு அம்மா துணியைத் தூக்கிப் பார்த்தார். முகம் ஒரு நொடி தயங்கியது. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சின்னவன் மலைக்கு மாலை போட்டிருக்கான்மா. இந்தத் தடவை எடுத்துட்டுப் போயிடு, மனசுல ஒண்ணும் வெச்சிக்காத" என்றார்.

கார்த்திகையில் மாலை போட்டவர்கள் மார்கழியிலும் விரதத்தில்தான் இருப்பார்கள். கிறிஸ்துமஸும் அதற்குள்தான் வரும். எனக்குத் தெரியாத விஷயமா? ஆனாலும் யோசிக்கவில்லை. தட்டோடு திரும்பி வந்து அழுதுவிட்டேன்.

அத்தை ஒன்றும் திட்டவில்லை. பாயாவை இறக்கி வைத்தார். குளித்த ஈரத் தலையோடு நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். "உங்க வாணலியும் கரண்டியும் குடு தங்கச்சி. நெய்யும் உங்க வீட்டு நெய்யே இருக்கட்டும். ரவை, சர்க்கரை, முந்திரி மட்டும் என்னுது. மூணும் பிரிக்காத பாக்கெட்" என்றார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே வழிவிட்டார். அவர்கள் அடுப்பில், அவர்கள் வாணலியில் அத்தை ரவையை வறுத்தார். முந்திரி நெய்யில் சிவந்த வாசனைக்கே மாலை போட்ட பையன் கருப்பு வேட்டியோடு அடுக்களை வாசலில் வந்து நின்றுவிட்டான். கேசரி இறங்கியதும் முதல் கரண்டி சாமி படத்துக்கு முன்னால் போனது, இரண்டாவது அவனுக்கு. அத்தை அவனை "சாமி, சூடா இருக்கு, ஊதிச் சாப்பிடுங்க" என்றார். பத்து வயதுப் பையனைத் தினமும் டேய் என்று கூப்பிடுகிறவர், மாலைக்காக மரியாதையாகப் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது.

சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு ஒரு தூக்கு நிறையப் பால் பாயசம் வந்தது. அந்தத் தூக்கை அத்தை கழுவி, உள்ளே ஒரு பிடி சர்க்கரை போட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.

அதன் பிறகு எங்கள் வீட்டுச் சமையலே கொஞ்சம் மாறியது. கார்த்திகை பிறந்தால் யார் மாலை போட்டிருக்கிறார்கள் என்று நான் விசாரித்து வைத்துக்கொள்வேன். அவர்களுக்கான அதிரசமும் முட்டை சேர்க்காத அச்சு முறுக்கும் எல்லாவற்றுக்கும் முன்னால், புது எண்ணெயில், அதற்கென்றே வாங்கிய வாணலியில் வேகும். மட்டன் எப்போதும் பாய் கடையில்தான், முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் சாப்பிட வேண்டுமே. வினிகர் போட்ட பன்றிக்கறி எங்கள் வீட்டுக்காரருக்கு உயிர். ஆனாலும் அது 26-ஆம் தேதிதான், வேறு சட்டியில். கேக்கில் இரண்டு டின் மட்டும் ரம் இல்லாமல் ஆரஞ்சுச் சாற்றில் ஊறிய திராட்சை போட்டது. அடையாளத்துக்கு நடுவில் ஒரு முழு முந்திரி பதித்திருப்பேன். வெந்த பிறகு அந்த முந்திரி பொன்னிறமாகி மேலே தெரியும், தூக்கத்திலும் மாற்றிக் கொடுக்க முடியாது.

அத்தை இப்போது இல்லை. அவர் பீங்கான் ஜாடியில்தான் இன்றும் ஊறப்போடுகிறேன். உங்கள் வீட்டுக் கதையைச் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை அறைவாசி:

அக்கா, நான் சுருக்கமாகச் சொல்கிறேன். தென்காசிப் பக்கமிருந்து வேலைக்கு வந்த முதல் வருடம், கிறிஸ்துமஸ் அன்று லீவு. அறையில் தனியாகப் படுத்திருந்தேன். கீழ் வீட்டு அம்மா நாலு அடுக்கு கேரியரை வாசலில் வைத்துவிட்டு, "தம்பி, ஆறிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பிரியாணி, கோழி வறுவல், தயிர்ப் பச்சடி, கடைசி அடுக்கில் கேக். திருப்பிக் கொடுக்கும்போது உள்ளே என்ன வைப்பது என்று தெரியாமல் ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய எள்ளுருண்டையை வைத்துக் கொடுத்தேன். அடுத்த வருடம் என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எள்ளுருண்டை வந்துச்சா?"

காடாம்புலியூர் முந்திரித் தோப்பு:

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கிடையாது. ஆனால் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் டீச்சர் ஒருவர் இருந்தார். என் அண்ணனுக்கும் எனக்கும் கணக்கு வரவைத்தவர். அப்பா ஒவ்வொரு டிசம்பரும் 5 கிலோ முழு முந்திரிப் பருப்பு எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவார். டீச்சர் வீட்டிலிருந்து ஒரு கேக்கோடு திரும்புவார்.

முந்திரி உடைக்கும் வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும். வறுத்த கொட்டையைக் கட்டையால் ஒரே தட்டு, பருப்பு உடையாமல் வர வேண்டும். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் கை புண்ணாகும். அம்மா சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பார், விரல் நுனி கறுத்தே இருக்கும். டீச்சருக்குப் போகும் 5 கிலோவை மட்டும் அம்மாவே ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்குவார். அதில் ஒரு அரைப் பருப்பு இருக்காது.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. விடிந்து பார்த்தால் தோப்பில் நிற்கிற மரத்தை விரல் விட்டு எண்ணலாம். தாத்தா வைத்த மரங்கள் வேரோடு மல்லாந்து கிடந்தன. பக்கத்துப் பலாத் தோப்பும் அப்படியே. அப்பா அன்று முழுக்க வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த வருடக் கேக்கில் கொஞ்சம் வீட்டில் மீதி இருந்தது. சாயங்காலம் அம்மா ஒரு துண்டை வெட்டிக் கொண்டுபோய் அவர் கையில் வைத்தார். அதிலும் எங்கள் முந்திரிதான்.

2012 டிசம்பரில் கொண்டுபோகப் பருப்பு இல்லை. வெறுங்கையோடு எப்படிப் போவது என்று அப்பா போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் டீச்சரே வந்துவிட்டார், கையில் கேக் டின்னோடு. வெட்டிப் பார்த்தால் உள்ளே முந்திரிக்குப் பதில் வறுத்த வேர்க்கடலை. "உங்க தோப்புப் பருப்பு இல்லாத வருஷத்துல கடை முந்திரி போட எனக்கு மனசு வரல" என்றார். அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். எங்கள் முன்னால் அழுகிற ஆள் இல்லை அவர்.

விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து ஒட்டுக் கன்றுகளை வாங்கி மறுபடியும் நட்டோம். 2016-இல் டீச்சருக்கு அரைக் கிலோ கொண்டுபோனோம். அதைக் கேக்கில் போடாமல், சின்னப் பாட்டிலில் போட்டுக் குடிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். இப்போது அந்த வீட்டில் இரண்டு கேக்: ஒன்று முந்திரி, ஒன்று வேர்க்கடலை. பேரப்பிள்ளைகளுக்கு வேர்க்கடலைதான் பிடிக்குமாம்.

முல்லா வீதி மகள்:

முழு முந்திரி பதித்த கேக்கைப் பற்றிப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் பள்ளித் தோழி வீட்டிலிருந்தும் எங்களுக்கு ரம் சேர்க்காத கேக் தனியாக வரும். பதிலுக்கு அம்மா கடல்பாசி இனிப்பு செய்து அனுப்புவார், ரோஸ் நிறத்தில் ஒன்று, தேங்காய்ப்பால் ஊற்றி வெள்ளையாக ஒன்று. ரம்ஜானுக்கு நோன்புக் கஞ்சி.

1998, 1999, 2000 மூன்று வருடமும் கிறிஸ்துமஸ் நோன்பு மாதத்துக்குள் வந்தது. பிறை பார்க்கும் வருடத்தில் 11 நாள் போலக் குறைகிறதல்லவா, அதனால் நோன்பு முன்னால் நகர்ந்துகொண்டே வரும். 1998-இல் மதியச் சாப்பாட்டுக்கு எப்போதும்போல அழைப்பு வந்தது. நான் தயங்கித் தயங்கி, நோன்பு ஆன்ட்டி என்றேன். அவர் உடனே உள்ளே திரும்பித் தன் வீட்டுக்காரரிடம், "பிரியாணி தம்மை நாலு மணிக்குப் போட்டா போதும்" என்றார். அவர்கள் வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் விருந்தாளிகள். மதியம் அத்தனை பேரும் காலையில் மீந்த இட்லியும் கோழிக் குழம்பும் சாப்பிட்டுச் சமாளித்தார்கள். ஆறு மணிக்குச் சற்று முன்னால் குத்பா பள்ளிவாசல் பாங்கு கேட்டதும், ஆன்ட்டி என் கையில் ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொடுத்தார். நான் நோன்பு திறந்த பிறகுதான் அந்த வீட்டில் பிரியாணிச் சட்டியைத் திறந்தார்கள். அந்த ஆவியில் ஆன்ட்டியின் மூக்குக் கண்ணாடி வெள்ளையாகிப் போனது. துடைத்துக்கொண்டே எனக்குத்தான் முதலில் பரிமாறினார்.

அடுத்த இரண்டு வருடமும் அப்படியே நடந்தது. ஆன்ட்டி காலமாகிவிட்டார். தோழி இப்போது லாஸ்பேட்டையில் இருக்கிறாள். கணக்குப் பார்த்தால் 2031-இல் கிறிஸ்துமஸ் மறுபடி நோன்புக்குள் வருகிறது. போன வாரம் போனில் அதைச் சொன்னேன். "தம்மு நாலு மணிக்குத்தானே? சரி" என்றாள்.